கடாரம்: எழுதியது எதற்காக?

கடாரம் என்னும் பெயரைக் கேட்ட அளவிலே மலேசியத் தமிழர் உள்ளம் பூரிப்பது இயல்பே. இராசேந்திர சோழன் 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்திக் கடாரத்தை வென்றான் என்பதை நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிப்பர். பேச்சுப் போட்டியாயினும் கட்டுரைப் போட்டியாயினும் பொங்கல் விழா மேடையாயினும் இச்செய்தி இடம்பெறாமல் போவதில்லை. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. குறை வேறோரிடத்தில் இருக்கிறது. கடாரத்தைப் பற்றி நமக்குச் சொல்வது ஓர் எழுத்து அன்று. நிலக்கொடைச் செப்பேடு ஒருவிதமாகச் சொல்கிறது. மெய்க்கீர்த்தி வேறுவிதமாகச் சொல்கிறது. பரணி பாடுகிறது. மலாய் நூலொன்று வேறு பெயரிட்டுக் கதையாகச் சொல்கிறது. நம் காலத்துத் தொடர்கதை தன் போக்கில் சொல்கிறது. இவற்றை எழுதியவர்கள் வேறு. எழுதிய காரணமும் வேறு. நாமோ எல்லாவற்றையும் ஒரே கலயத்தில் ஊற்றிக் கலக்கி, வரலாறு என்று பெயரிட்டுப் பிள்ளைகளுக்குப் புகட்டுகிறோம்.

வெறும் குற்றச்சாட்டாக இதைச் சொல்லவில்லை. அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்க்கென்று ஆக்கப்பட்ட கருத்துணர் பகுதி ஒன்று, கைக்குக் கை மாறிக் கூலாய்க்கும் வந்து சேர்ந்தது. எழுதியவர் யாரென்பது ஈண்டு வேண்டா. நல்ல தமிழ், பிழையற்ற நடை, பதினைந்தே வரிகள். இராசேந்திரன் 1025-இல் கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கப்பற்படை அனுப்பினானாம். பதின்மூன்று நாடுகளைப் பிடித்து அங்கெல்லாம் தமிழர் ஆட்சியை நிறுவினானாம். வெற்றியின் அடையாளமாகச் சுமத்திராவில் தமிழ்க் கல்வெட்டு நாட்டினானாம். ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலிருந்த கருங்கற்கோட்டையையும் தகர்த்தானாம். கீழே ஐந்து வினாக்கள்: யார், எப்போது, எத்தனை, எங்கே, பொருள் எழுதுக.

இப்பகுதியை எழுதியவர் எதையும் தாமாகக் கற்பனை செய்யவில்லை என்பதுதான் வியப்பு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எங்கேயோ ஓர் எழுத்து மூலமாக இருக்கிறது. ஆனால் அவ்வெழுத்துகள் எதற்காக எழுந்தன என்று அவர் கேட்கவில்லை. வினாக்களிலும் அக்கேள்வி இல்லை.

அக்கேள்வி நமக்குப் புதியதும் அன்று. ஒரு நூலைக் கையிலெடுப்பவன் முதலில் அறியவேண்டியவற்றைப் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் எட்டாகத் தொகுத்திருக்கிறார். செய்தவர் பெயரும் நூலின் பெயரும் மட்டும் அவற்றுள் அடங்கினவல்ல. கேட்போர் யார், பயன் யாது என்பனவும் அடங்கும். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் கூட்டிப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர். தொல்காப்பியர் செய்யுளியலில் பாட்டையும் உரையையும் நூலையும், விடுகதையாகிய பிசியையும், வசையாகிய அங்கதத்தையும், பழமொழியையும் தனித்தனி வகையாக நிறுத்தினார். விடுகதையைச் சட்டமாகவும், சட்டத்தை வசையாகவும் படித்துவிடக்கூடாது என்ற தெளிவு அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாம் நன்னூற் பாயிரத்தை நெட்டுருச் செய்து தேர்வில் எழுதியதோடு சரி. ஓர் எழுத்தின்மேல் அதை வைத்துப் பார்த்ததில்லை.

இனி வைத்துப் பார்ப்போம்.

செப்பேடு சொல்வது

லெய்டன் நகரில் நெடுங்காலம் இருந்தமையால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இரண்டு தொகுதிகள். பெரிய தொகுதியை ஆனைமங்கலச் செப்பேடு என்றும் வழங்குவர். மொத்தம் 21 ஏடுகள். அவற்றுள் 5 வடமொழி, 16 தமிழ். நாகப்பட்டினத்தில் கடாரத்து மன்னன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்த பௌத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006-ஆம் ஆண்டையொட்டி, ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடுத்த செய்தி அதில் உள்ளது. இராசராசனுக்குப் பின் அக்கொடையை நிலைபெறச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன். கடாரத்தின்மேல் பின்னாளில் படை செலுத்திய அதே இராசேந்திரன்!

ஒரே கட்டில், ஒரே வளையத்தில் கோத்த ஏடுகள் இவை. ஆயினும் வடமொழிப் பகுதியும் தமிழ்ப் பகுதியும் செய்யும் வேலை ஒன்றன்று. வடமொழிப் பகுதி சோழர் குலத்தைச் சூரியனிலிருந்து தொடங்குகிறது. முன்னோர் புகழை அடுக்குகிறது. விகாரத்தின் உயரத்தை மேருமலையோடு ஒப்பிடுகிறது. தமிழ்ப் பகுதிக்கு வந்தால் சூரியனும் இல்லை, மேருவும் இல்லை. நிலம் ஏறத்தாழ 97 வேலி. அதிலிருந்து வரவேண்டிய நெல் 8,900 கலத்துக்கு மேல். கலத்துக்குக் கீழே தூணி, குறுணி, நாழி வரைக்கும் கணக்கு. எல்லை எந்த வாய்க்காலுக்கு மேற்கு, எந்த ஊருக்குத் தெற்கு என்று ஏடு ஏடாக நீள்கிறது. எழுத்து வேலைக்குப் பொறுப்பான அதிகாரிகள் பெயரெல்லாம் வரிசையாக வருகின்றன.

பொறுமையற்ற வாசகர் வடமொழிப் பகுதியை மேற்கோள் காட்டிவிட்டுத் தமிழ்ப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார். நான் ஆசிரியர்களுக்குச் சொல்வது இதற்கு நேர்மாறானது. ஓர் எழுத்தின் நோக்கத்தை அறிய எளிய வழி ஒன்று உண்டு. இதில் பொய் இருந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்டுப் பார்க்கவேண்டும். விகாரத்தின் உயரம் மேருவுக்குக் குறைந்தது என்றால் யாருக்கும் நட்டமில்லை. கேட்பவன் அதை அளக்கப் போவதில்லை. எல்லை வாய்க்காலைத் தவறாக எழுதினால் பக்கத்து ஊர்க்காரன் மறுநாளே வழக்குக்கு வந்துவிடுவான். நெல்லில் ஒரு குறுணி கூடினால் உழுபவன் வயிறு காயும். குறைந்தால் விகாரத்துத் துறவியின் வயிறு காயும். ஆகையால் அவ்விடத்தில் எழுதுபவன் கை தடுமாறாது. முதற்பகுதியைப் பொய் என்று தள்ளவேண்டும் என்பதில்லை. அது மன்னனின் மாட்சியை நிறுவும் வேலையைச் செய்கிறது. பின்பகுதி வேலியைக் காக்கும் வேலையைச் செய்கிறது. அவ்வளவே.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். நம் பாட்டன்மார் பெயரை முதன்முதல் தாளில் ஏற்றியது புலவரின் ஏடன்று, கிராணியாரின் செக்ரோல். பெயர், எண், வந்த நாள், கூலி. கூலி கணக்கிடுவதற்காக எழுதப்பட்டது. ஆகவே நாள் கணக்கில் அது துல்லியம். ஆளைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. ஆகவே பெயரைக் கிராணியார் தம் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே எழுத்து ஓரிடத்தில் நம்பத்தக்கதாகவும் மற்றோரிடத்தில் நம்பத்தகாததாகவும் இருக்கமுடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மெய்க்கீர்த்தியின் பதின்மூன்று பெயர்கள்

பதின்மூன்று நாடுகள் என்ற எண் இராசேந்திரனின் தமிழ் மெய்க்கீர்த்தியிலிருந்து வந்தது. சீவிசயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், இலாமுரிதேசம், நக்கவாரம், கடாரம் என்று அது அடுக்கிக்கொண்டே போகிறது. கடாரத்து மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனை அவன் யானைகளோடு பிடித்ததையும், செல்வக் குவியலையும் வித்தியாதர தோரணத்தையும் மணிகள் பதித்த வாயிற் கதவுகளையும் கவர்ந்ததையும் சொல்கிறது.

மெய்க்கீர்த்தி எங்கே பொறிக்கப்படுகிறது? பெரும்பாலும் கோயிற் சுவரில், கொடைச் செய்தியின் தலைப்பில். விளக்கெரிக்க ஆடு கொடுத்த செய்தியானாலும் சரி, நிலம் விற்ற செய்தியானாலும் சரி, முன்னால் மன்னன் புகழ் நிற்கும். இராசராசன் நிலைபெறச் செய்த வழக்கம் இது. ஆட்சியாண்டு ஏற ஏற வெற்றிகள் சேர்ந்து மெய்க்கீர்த்தி நீளும், குறையாது. தோல்வியைச் சொல்வது அதன் வேலையன்று. யார் யாரை வென்றான் என்று சொல்லும். வென்ற நாட்டை எப்படி நடத்தினான் என்று சொல்லாது. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியைக் கூர்ந்து படித்தால், பிடித்தான், கவர்ந்தான் என்றுதான் இருக்கிறது. ஆட்சி நிறுவினான் என்று இல்லை. கருத்துணர் பகுதியின் ஆசிரியர் அதை எங்கிருந்து எடுத்தார்? புகழுரையில் சொல்லாமல் விட்டதைத் தம் மனத்தால் நிரப்பிக்கொண்டார்.

இதற்கு மறுதலையான தவறும் உண்டு. புகழுரைதானே, எல்லாம் கற்பனை என்று ஒதுக்கிவிடும் புத்திசாலிகளைச் சொல்கிறேன். இது முன்னதைவிடச் சோம்பலான படிப்பு. மெய்க்கீர்த்தி சொல்லும் சீவிசயம் எது என்பது நெடுநாள் தெளிவுபடாமல் இருந்தது. 1918-இல் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் சேடேஸ் சீனக் குறிப்புகளையும் சோழர் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் ஒப்புநோக்கி, சுமத்திராவைத் தளமாகக் கொண்ட ஒரு பேரரசின் பெயர் அது என்று நிறுவினார். உலகம் மறந்துபோன ஒரு பேரரசின் பெயரைத் தஞ்சைக் கோயிற் சுவர் மறக்காமல் வைத்திருந்தது. புகழ்வதற்காக எழுதினாலும், புகழ்வதற்குப் பெயர்ப்பட்டியல் வேண்டியிருந்தது. அப்பட்டியலைக் கப்பலோட்டிகளும் வணிகரும் அறிந்த பெயர்களைக் கொண்டுதான் ஆக்கவேண்டியிருந்தது. ஆகவே மெய்க்கீர்த்தியிடம் இடப்பெயரைக் கேட்கலாம். ஆட்சிமுறையைக் கேட்டால் அது என்ன செய்யும், பாவம்!

ஆட்சிமுறையை வேறு எழுத்துகளிடம் கேட்கவேண்டும். படையெடுப்புக்கு மூன்றே ஆண்டு கழித்து, 1028-இல், சீவிசயத்திலிருந்து சீன அரசவைக்குத் தூது சென்றதைச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. பிறகு சிறிய லெய்டன் செப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றே ஏடுகள். முதலாம் குலோத்துங்கன் காலம், 1090-ஆம் ஆண்டு. மன்னன் அரண்மனையின் நீராடும் கூடத்தில் இருந்தபோது கடாரத்து அரசனின் தூதர் இருவர் விண்ணப்பம் செய்கிறார்கள். நாகப்பட்டினத்து விகாரங்களுக்கு உரிய ஊர்களில் இன்னின்ன வரிகளை நீக்கிச் செப்பேடு செய்து தரவேண்டும் என்பது வேண்டுகோள். மன்னன் இசைகிறான். ஏட்டின் நோக்கம் வரிவிலக்கு, அதற்குமேல் ஒன்றுமில்லை. கடாரத்தின் நிலையைச் சொல்ல அது எழுதப்படவே இல்லை. ஆனாலும் தன்னை அறியாமல் சொல்லிவிடுகிறது: 65 ஆண்டுகளுக்குப் பின்னும் கடாரத்துக்கு ஓர் அரசன் இருந்தான், அவன் தூதர் அனுப்பினான், சோழன் அவர்களுக்கு மறுக்காமல் செய்துகொடுத்தான். இடையில் வீரராசேந்திரனின் மெய்க்கீர்த்தியே, கடாரத்தை வென்று, அடிபணிந்த அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்ததாகப் பேசுகிறது. நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் இப்படையெடுப்புக்கு இரண்டு காரணங்களை எண்ணிப் பார்த்தார். ஒன்று, கீழைக்கடல் வாணிகத்துக்குச் சீவிசயம் இடையூறு செய்திருக்கலாம். மற்றொன்று, இராசேந்திரனின் திக்குவிசய ஆசை. நாடு பிடித்துக் குடியேறி ஆளும் நோக்கத்தை அவர் காணவில்லை.

புகழுரை மறைத்ததை வரிக்கணக்கு வெளியிடுகிறது. தமிழாசிரியர்கள் ஒரு பாடவேளை முழுவதும் தங்கிப் பேசத்தக்க இடம் இது.

சுமத்திராக் கல்வெட்டை விரைவாகப் பார்த்துவிடுவோம். பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088-ஐச் சேர்ந்தது. இராசேந்திரன் இறந்து நாற்பது ஆண்டுக்கு மேலாயிற்று. நாட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர். அங்கு வந்திறங்கும் கப்பல்காரர் முதலானோர் கட்டவேண்டிய பொன் எவ்வளவு என்பதே செய்தி. துறைமுகக் கட்டணப் பலகையை வெற்றித்தூண் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்! உண்மையில் எனக்கு அக்கட்டணப் பலகைமேல்தான் மதிப்பு அதிகம். வாளெடுத்துப் போனவன் திரும்பிப் போய்விட்டான்; தராசு எடுத்துப் போனவன் அங்கே தங்கி, தன் மொழியில் விதி எழுதி, அதற்குப் பிறரையும் கட்டுப்படச் செய்திருக்கிறான்.

பரணியும் தொடர்கதையும்

கருணாகரத் தொண்டைமான் எப்படி 1025-க்கு வந்தார்? அவர் முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவர். சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடுவது 1110-ஐ ஒட்டி நடந்த கலிங்கப் போரை. அதில் இராசபாரம்பரியம் என்ற பகுதி, குலோத்துங்கனின் முன்னோர் புகழைச் சொல்லி வருகையில் கடாரத்தையும் தொட்டுச் செல்கிறது. ஒரே நூலில் கடாரமும் வருகிறது, கருணாகரனும் வருகிறான். இரண்டையும் முடிச்சுப் போட்டது பரணியன்று. நம்மவர் பலர் கருணாகரனை அறிந்தது சாண்டில்யனின் கடல் புறா வழியாக. குமுதத்தில் தொடராக வந்து, மலேசியாவிலும் வாரந்தோறும் காத்திருந்து படிக்கப்பட்ட கதை அது. அதிலே கருணாகரன் கடலோடுகிறான். கடாரத்து இளவரசியைக் காதலிக்கிறான். தன் கப்பலுக்குக் கடல் புறா என்று பெயரிடுகிறான். கதைக்கு அது பொருத்தமே. வாசகனை அடுத்த வாரம் வரை பிடித்து நிறுத்துவது தொடர்கதையின் வேலை. சாண்டில்யன் அதைத் திறம்படச் செய்தார். அவர் மேல் பழியில்லை. கதையில் வந்தவனைப் பெயர்த்தெடுத்து, ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டு முன்னே கொண்டுபோய் வைத்துவிட்டு, 'யார்?' என்று ஒரு மதிப்பெண் வினா கேட்கிறோமே, பழி நம்முடையது.

பரணியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போரில் ஆயிரம் யானைகளை வென்றவனுக்குப் பாடுவது பரணி என்று பாட்டியல் நூல்கள் இலக்கணம் சொல்லும். அந்த ஆயிரத்தை எவரும் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணவும் வேண்டா. அது எண்ணிக்கையன்று, வாயில். அவ்வாயிலைக் கடந்து உள்ளே போனால் பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடுகின்றன. பேய் கூழ் அட்டதை ஒருவரும் வரலாறு என்று எடுத்துக்கொள்வதில்லை. ஏனெனில் அது என்ன வகை எழுத்து என்பது அவ்விடத்தில் நமக்கு ஐயமறத் தெரிகிறது. அதே நூலின் மற்றொரு பகுதிக்கு வந்ததும் அத்தெளிவை இழந்துவிடுகிறோம். நமக்கு வேண்டிய செய்தி வந்துவிட்டால் நூலின் வகை நமக்கு மறந்துபோகிறது.

நம் ஆற்றின் மேற்பகுதி

கருங்கற்கோட்டைதான் எங்கள் பக்கத்தார்க்கு மிகவும் இனிக்கும் செய்தி. கூலாயை அடுத்த மாவட்டம் கோத்தா திங்கி. ஜொகூர் ஆறு அதன் வழியே ஓடுகிறது. நம் வீட்டுக் கொல்லையிலேயே சோழன் வந்தான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

இதன் மூலம் செஜாரா மெலாயு. அதன் முன்னுரை ஹிஜ்ரி 1021, அதாவது 1612-ஐக் குறிக்கிறது. ஜொகூர் அரசின் பெண்டஹாராவாக இருந்த துன் ஸ்ரீ லானாங் அரச ஆணைப்படி அதைச் செப்பஞ்செய்தார் என்பது மரபு. 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. பாயிரம் கேட்கும் கேள்விகளுக்கு அந்நூலின் முன்னுரை தானாகவே விடை சொல்லிவிடுகிறது: மலாய் அரசர்களின் மரபும் அவர்தம் வழக்கங்களும் பின்வரும் தலைமுறையினர் அறியும்படி எழுதப்படுகிறது என்று. கேட்போர் அரச குலத்தார், பயன் குலமாட்சி. இதைவிட நேர்மையான முன்னுரை கிடைப்பது அரிது.

அந்நூலில் கலிங்க நாட்டிலிருந்து பெரும்படையோடு வரும் இராசா சுலான் கங்கா நகரத்தை வெல்கிறான்; ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியில் கருங்கற்கோட்டை கொண்ட நகரையும் வெல்கிறான். சுலான் என்ற பெயரில் சோழன் ஒலிக்கிறான் என்று அறிஞர் பலர் கருதுவர், ஏற்கத்தக்கதே. ஆனால் அதே மரபின் மன்னன் ஒருவன் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்ந்து கடலடிக்கு இறங்கிக் கடலரசன் மகளை மணக்கிறான். அம்மணத்தில் பிறந்தோர் வழியாக மலாய் அரச மரபு தொடர்கிறது. ஆக, சோழன் அங்கே வருவது மலாய் அரசர்க்கு உலகாண்ட முன்னோர் ஒருவரைத் தருவதற்கு. நம் பெருமையைப் பாடுவதற்கன்று. அவர்கள் நூலில் அவன் அவர்களுடைய பாட்டன்!

கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு நகைக்கும் தமிழன்பர்களைக் கண்டிருக்கிறேன். அவர்களே சோழர் சூரியனிலிருந்து வந்தனர் என்று மேடையில் முழங்குவர். இரண்டும் ஒரே வேலையைச் செய்யும் எழுத்துகள். ஒன்றை நகைத்தால் மற்றதையும் நகைக்கவேண்டும். ஒன்றை மதித்தால் மற்றதையும் மதிக்கவேண்டும். நான் இரண்டையும் மதிப்பவன்.

2005-இன் தொடக்கத்தில் இந்நாட்டு நாளேடுகள், ஜொகூர்க் காட்டில் கோத்தா கெலாங்கி என்னும் தொலைந்த நகரம் இருக்கக்கூடும் என்ற செய்தியைப் பரபரப்பாக வெளியிட்டன. பழைய நூல்களையும் வானிலிருந்து எடுத்த படங்களையும் கொண்டு ஆய்வாளர் ஒருவர் முன்வைத்த கருத்து அது. அடுத்த ஆண்டே, அனுப்பப்பட்ட ஆய்வுக் குழுவுக்கு அத்தகைய நகரின் தடயம் கிட்டவில்லை என்று மரபுடைமைத் துறையினர் தெரிவித்தனர். கெலாங்கி என ஓர் அரசு இருந்திருக்கவே முடியாது என்றும் அவர்கள் முடிவு கட்டவில்லை. முதற்செய்தி நம் சுவரொட்டிகளிலும் மலர்களிலும் இன்றும் உலவுகிறது. இரண்டாவதை நினைவு வைத்திருப்பவர் சிலரே. நாளேட்டுக்கு அன்றைய நாளே நோக்கம். அந்நாள் கழிந்ததும் அது தன் வேலையை முடித்துவிடுகிறது. அதைக் கத்தரித்து ஒட்டிவைத்துப் பாடநூலாக்குவது நாம்.

இவ்வளவு நுணுக்கம் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு வேண்டுமா என்று சில ஆசிரியர் கேட்பர். பெருமித உணர்வை ஊட்டினால் போதாதா என்பர். பெருமிதம் வேண்டும், அதிலும் தோட்டத்துப் பிள்ளைக்கு மிகவும் வேண்டும். ஆனால் அப்பிள்ளை நம்மிடம் ஆறாண்டுதான் இருக்கிறது. படிவம் ஒன்றுக்குப் போய், பிற இனத்து நண்பர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, 'எங்கள் அரசன் உங்கள் நாட்டை ஆண்டான்' என்று நாம் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும்போது, எதிரே இருப்பவன் 'எங்கே எழுதியிருக்கிறது?' என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். விடை தெரியாமல் தலைகுனியும் பிள்ளை அந்த ஒரு செய்தியை மட்டும் விடுவதில்லை. தமிழாசிரியர் சொன்ன அனைத்தையும் சேர்த்து விட்டுவிடுகிறது. ஆனைமங்கலத்தையும் பாருசையும் கூட. மெய்யான செல்வத்தைப் பொய்யோடு கட்டிக்கொடுத்ததால் வரும் இழப்பு இது. 2021-இல் ஆறாம் ஆண்டுத் தேர்வை எடுத்துவிட்டபின், மதிப்பெண்ணுக்காக விரைந்து ஓடவேண்டிய கட்டாயமும் பெரிதும் குறைந்துவிட்டது. இன்னும் ஏன் யார், எப்போது, எத்தனை என்பதோடு நின்றுவிடுகிறோம்?

பாடத்திட்டம் பல்வகைப் பனுவல்களை வாசிக்கச் சொல்கிறது. அறிவிப்பு, கடிதம், கதை, விளம்பரம், செய்தி என்று வகைப்பெயர்களைப் பிள்ளைகள் சரியாகவே சொல்வர். வகைப்பெயர் தெரிவது வேறு; அவ்வகை என்ன வேலை செய்கிறது என்று தெரிவது வேறு. இதற்கு நான் ஐந்தாம் ஆண்டில் செய்துவரும் பயிற்சி எளியது. மூன்று சீட்டுகள். ஒன்றில் சிறிய செப்பேட்டின் வரிவிலக்குச் செய்தி. ஒன்றில் மெய்க்கீர்த்தியின் செய்தி. ஒன்றில் கண்ணாடிப் பெட்டிக் கதை. மூன்றையும் என் சொற்களில் எளிமையாக எழுதி, தலைப்பிடாமல் கொடுத்துவிடுவேன். யார் யாருக்கு எழுதினார், எதற்கு எழுதினார், பொய்யானால் யாருக்கு நட்டம் என்பனவே வினாக்கள். முதற்சீட்டைப் பெரும்பாலோர் நொடியில் பிடித்துவிடுகிறார்கள். இரண்டாவதில் சற்றே வாதம் நடக்கும். மூன்றாவதில், கதைதான் என்று எல்லாரும் கைதூக்கிய பிறகு, கருங்கற்கோட்டையும் கதையா என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அதற்குமேல் பாடவேளை போதுவதில்லை.

இவ்வாண்டு நான்காவது சீட்டாகப் பழைய செக்ரோல் பக்கம் ஒன்றின் படியைச் சேர்த்தேன். பெயர்களை மறைத்துத்தான் கொடுத்தேன். ஒரு வரியில் வந்த நாள் 19 என்று இருந்தது. மீதி நாளெல்லாம் அவருக்குக் காய்ச்சலா, இல்லை வேறு தோட்டத்தில் திருமணமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாதக் கூலியைக் கணக்கிட்டு முடித்த கையோடு அந்த வரியும் நின்றுவிட்டிருந்தது.